இலக்கழி செயல்: ஒரு பரிந்துரை

நண்பர்களே,

'self-defeating' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த 'தற்கேடு' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. தற்கொலை, தற்பெருமை போலப் புணர்ச்சி சரியாகத்தான் இருக்கிறது, சிக்கல் பொருளில். குடித்தே உடம்பைக் கெடுத்துக்கொள்வதும் தற்கேடுதானே? நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. எதை அடைய ஒரு செயலைச் செய்கிறோமோ, அந்தச் செயலாலேயே அது கைநழுவிப் போவது. இங்கே கெடுவது இலக்கு.

ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விளைச்சல் கூடட்டும் என்று அராபிகாச் செடிக்கு மேலுள்ள நிழல் மரங்களை அளவுக்கு மீறிக் கழித்துவிடுகிறார்கள். வெயில் நேரே தண்டில் விழுகிறது. வெள்ளைத் தண்டுத்துளைப்பான் என்ற வண்டுக்கு அதுதான் வேண்டும். வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்புகளைத் தேடித்தான் தாய் வண்டு முட்டையிடும். புழு முதலில் பட்டைக்கு அடியிலும் பிறகு கட்டைக்குள்ளும் குடைந்து போகும். தண்டின் மேல் வரிவரியாகப் புடைப்பு தெரியும், இலை மஞ்சளாகும். இளஞ்செடி பட்டுப்போகும், மூத்த செடி சில பருவம் தாங்கினாலும் காய்ப்பு விழுந்துவிடும். அப்புறம் தேங்காய் நாரால் தண்டைத் தேய்த்துச் செதில்பட்டையை எடுப்பது, 200 லிட்டர் தண்ணீரில் 20 கிலோ சுண்ணாம்பு கரைத்து அடிப்பது, ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர் என்று வண்டு பறக்கும் காலங்களுக்கு முன்பே தாக்கிய செடியைப் பிடுங்கி எரிப்பது என்று ஆள்கூலி ஏறிக்கொண்டே போகும். தோட்டக்காரருக்கான கையேட்டில் 'அளவுக்கு மீறி நிழல் கழிப்பது ஓர் ____' என்று எழுதி, கோடிட்ட இடத்தில் நம் உரையாடலில் வந்த சொற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். 'தற்கேடு' பொருந்தவில்லை. 'தன்முரண்' கருத்துக்குள் இருக்கும் முரணைச் சொல்கிறது, செயலின் விளைவைச் சொல்லவில்லை. 'தன்வினை' இலக்கணம் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட சொல்.

'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை' என்ற குறளை (463) முன்வைத்து 'முதலிழப்புச் செயல்' என்றும் சொல்லியிருக்கிறார்கள். மிக அழகான தொடர், மிக அருகில் வருகிறது. ஆனால் கையிருப்பு கரையாமலே இலக்கு கெடுவது உண்டு. 'தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது' பேச்சுக்குப் போதும். அதிலிருந்து பெயரடை பிறக்காது.

என் பரிந்துரை: இலக்கழி செயல். இலக்கை அழித்த, அழிக்கின்ற, அழிக்கும் செயல்; வினைத்தொகை, ஆகவே நடுவில் ஒற்று மிகாது. 'இலக்கழிவினை' என்று சேர்த்து எழுத வேண்டாம். 'இலக்கழிவு' என்பதன் இரண்டாம் வேற்றுமையும் அதே உருவில் வரலாம், படிப்பவர் தடுமாறுவார். இலக்கழி விதி, இலக்கழி மானியம், இலக்கழி உத்தி எல்லாம் தடையில்லாமல் அமைகின்றன.

உளவியலிலும் இது உதவும். பாமைஸ்டர், ஷெர் என்ற உளவியலாளர் இருவரும் 1988இல் 'self-defeating' எனப்படும் நடத்தையை மூன்றாகப் பிரித்தார்கள்: தெரிந்தே தனக்குத் தீங்கு தேடுவது, ஒரு நன்மைக்காக ஒரு தீங்கை ஏற்பது, நல்லது நாடித் தவறான வழியில் போவது. மூன்றாவதே இலக்கழி செயல். முதலாவதுக்கு வேண்டுமானால் 'தற்கேடு' இருக்கட்டும்.

சேலம் பக்கத்துப் பாறை நிலத்தில் ஆளுக்கொரு போர்வெல் போட்டு ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போவதையும் இதில் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு: போட்டவருக்கு இப்போதைக்குத் தண்ணீர் கிடைக்கிறது, நீர்மட்டம் இறங்குவது எல்லோருக்கும். தனி ஆளின் கணக்கில் அது இலக்கழி செயல் ஆகாது. 'கூட்டு இலக்கழிவு' என்று அடைமொழி சேர்த்தே எழுத வேண்டும்.

சொல்லப்பட்டதாலேயே நடக்காமல் போகும் முன்கணிப்புக்கு (self-defeating prophecy) மட்டும் இந்தச் சொல்லை நீட்ட வேண்டாம். கணிப்புக்கு இலக்கு கிடையாது. 'தன்னைப் பொய்ப்பிக்கும் கணிப்பு' என்பதே அங்கே தெளிவு.