மனுவில் யார் பெயர் போடுவது? (மூன்று ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டது)

பாம்பன்:
கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு அடையாள அட்டை கேட்டு மனு கொடுத்தோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பின்னால் கெடுபிடி கூடக் கூட, பாட்டி காலத்திலிருந்து மூழ்கிய இடத்திலேயே இவர்கள் அத்துமீறியவர்கள் ஆகிவிட்டார்கள்.

தொண்டு நிறுவனத்துக்காரர் ஒருவர் மனுவை எழுதியே கொண்டுவந்தார். நான் வாசித்தேன். 'தீவுகளுக்குள் செல்ல அனுமதி' என்ற வரியில், விரலில் சுற்றிய துணியைப் பிரித்துக்கொண்டிருந்த மதினி ஒருத்தர் நிறுத்தினார். "தீவுல ஏறணும்னா கேட்டோம்? சுத்தி இருக்கிற தண்ணில இறங்கணும்னுதான கேக்குறோம். இத வாசிச்சா மரம் வெட்டப் போற மாதிரில்ல இருக்கு."

அதோடு அந்தத் தாளை மடக்கி வைத்தாச்சு. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். 'இரும்புத் தகடு வைத்துச் சுரண்டுவதை விட்டுவிட்டோம், கையால்தான் பறிக்கிறோம்' என்ற வரிக்குத்தான் பெரிய சண்டை. முன்னே சுரண்டியதை நாமே ஒத்துக்கொள்வதா என்று வயதான ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இருட்டும் வரை பேசி, வரி இருக்கட்டும் என்று அவரே சொன்ன பிறகுதான் கையெழுத்து.

அலுவலகத்தில் "தலைவி யார்?" என்றார்கள். எல்லாரும்தான் என்றால் விடவில்லை, ஒரு பெயர் வேண்டுமாம். அன்றைக்கு வராத ஒருத்தியின் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்! வந்தவர்களில் யாரையும் தனியே கூப்பிட்டுப் பேச முடியாதே.

கீழக்கரை:
சிரித்துவிட்டேன். ஆனால் தலைவி இல்லை என்று சொல்வதாலேயே தலைமை இல்லாமல் போகாது. எங்கள் குழுவில் தலைவி கிடையாது. வாட்ஸ்அப் அட்மின் உண்டு. கூட்டம் எப்போது, யாருக்குச் சொல்வது, எல்லாம் அவர் கையில். 1970-களில் அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் இதைத்தான் எழுதினார்: வெளியே தெரிகிற அமைப்பு இல்லாத குழுவில் தெரியாத அமைப்பு ஒன்று இருக்கும், அதைக் கேள்வி கேட்கவும் முடியாது. வேலையை முறை வைத்து மாற்றுங்கள், விவரத்தை எல்லாருக்கும் பரப்புங்கள் என்பது அவர் சொன்ன வழி. பாம்பன்காரரே, அடுத்த மனுவுக்குப் பேனா யார் கையில்?

தொண்டி:
உத்தரப் பிரதேசத்தின் சீதாபூரில் சங்தின் என்ற பெண்கள் குழுவில் ஒன்பது பேர் சேர்ந்து எழுதி 2004-இல் இந்தியில் ஒரு புத்தகம் போட்டார்கள். அவரவர் நாட்குறிப்பை மற்றவர்களுக்கு வாசித்து, சாதி, மதம் பற்றியெல்லாம் தங்களுக்குள் சண்டை போட்டு எழுதியது. 'நாங்கள்' என்று எழுதுவதற்கு முன் அந்தச் சண்டை நடந்தாக வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் இரும்புத் தகடு சண்டையும் அந்த வகைதான்.

பாம்பன்:
பேனா இப்போது பத்தாவது படிக்கும் ஒரு பிள்ளையிடம். அட்மின் விஷயத்துக்கு எல்லாரையுமே அட்மின் ஆக்கிவிட்டோம். காலை வணக்கம் படங்களைத்தான் தாங்க முடியவில்லை.