கரன்ட் போன பிறகு ருசித்த கறுப்பு பீர்

கத்திரி வெயில் நேரத்தில் ஸ்வீடனிலிருந்து என் மச்சினன் ஆதம்பாக்கம் வீட்டுக்கு வந்திருந்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரியில்லாமல் 2 லிட்டர் மதுதான் கொண்டுவரலாம். ஊரில் எல்லாரும் அதற்கு விஸ்கி வாங்கி வருவார்கள். இவன் அதில் கிட்டத்தட்ட பாதியை 330 மில்லி பீர் மூன்றுக்கு ஒதுக்கியிருந்தான். பையைத் திறந்ததும் மாமனார் முகம் சுருங்கிவிட்டது. (மாமனாரோடு உட்கார்ந்து குடிப்பதா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அது பழகிப்போன விஷயம்.)

ஆம்னிபோல்லோ என்ற ஸ்வீடன் பீர் கம்பெனியின் நோவா பீக்கன் மட் கேக். பெயரே பேக்கரிப் பலகை மாதிரி இருக்கிறது. 11 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தச் சின்னப் பாட்டிலுக்குள் 36 மில்லி சுத்த ஆல்கஹால். அதே அளவு 5 சதவீத பீர் இரண்டு குடித்தாலும் 33 மில்லிதான் வரும்.

"எங்கே வாங்கினாய்?" என்றேன். அங்கே 3.5 சதவீதத்துக்கு மேல் போகும் பீரைக் கடையில் வாங்க வேண்டுமென்றால் சிஸ்டம்பொலாகெட் என்ற அரசுக் கடைக்குத்தான் போக வேண்டுமாம். "அங்கேயும் டாஸ்மாக்தானா!" என்று மாமனார் அப்போதுதான் முதல் தடவை சிரித்தார்.

தப்பு என்னுடையது. பீர் என்றால் கூலிங்காக இருக்க வேண்டும் என்ற நம் ஊர் புத்தியில் ஃப்ரீசரில் முக்கால் மணி நேரம் வைத்துவிட்டேன். மொட்டை மாடியில் மூன்று கண்ணாடி டம்ளரில் ஊற்றியபோது பாகு போல இறங்கியது. டார்ச் அடித்தும் டம்ளருக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை. மேலே நுரை வெள்ளையாக இல்லை, நன்றாக ஆற்றிய ஃபில்டர் காபி நுரையின் நிறம். ஆசையாக ஒரு வாய் குடித்தால் ஐஸும் லேசான கருகல் கசப்பும், அவ்வளவுதான். "இதுக்கா அவ்வளவு தூரம் சுமந்து வந்தே?" என்று மாமனார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் கரன்ட் போனது. பேசிக்கொண்டே இருபது நிமிடம் போயிருக்கும். விசிறிக்கொள்ள அட்டையை எடுக்கக் குனிந்தபோது டம்ளரிலிருந்து ஒரு வாசனை. முதல் டிகாஷன் வாசனை, பின்னாலேயே கருப்பட்டி, அப்புறம் கேக் வேகிற வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்போது வரும் வெண்ணிலா வாசனை. மறுபடி குடித்தேன். சத்தியமாக வேறு பானம். நாக்கில் இனிப்பு படிந்து, கடைசியில் காபிக் கசப்பு வந்து அதைத் துடைத்துவிட்டுப் போனது. தொண்டையில் ஒரு சூடு.

ரொம்பக் குளிர்ந்திருந்தால் வாசனை மேலே எழும்பாது, நாக்கும் மரத்துவிடும். கனமான ஸ்டவுட்டை (இந்த மாதிரிக் கறுப்பு பீருக்கு அதுதான் பெயர்) 12, 13 டிகிரியில் குடிக்கச் சொல்வது அதனால்தான். சென்னை மே மாதத்தில் அந்த டிகிரி எத்தனை நிமிடம் நிற்கும்? நான் கடைசி மடக்கை மிச்சம் வைத்து அனுபவிக்கலாமென்று இருந்தேன். அது சூடாகி இருமல் மருந்தாகிவிட்டது.

சைடு டிஷ் விஷயத்திலும் ஒரு பாடுபட்டோம். காராபூந்தியின் காரமும் ஆல்கஹாலும் சேர்ந்து வாயே எரிந்தது. உப்புப் போட்ட வறுத்த வேர்க்கடலைதான் ஒத்துப்போனது.

வலுவான ஸ்டவுட் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டிலேயே லண்டனிலிருந்து ரஷ்ய அரசவைக்குப் போனது, 'இம்பீரியல் (பேரரசுக்குரிய) ஸ்டவுட்' என்ற பெயரும் அதையொட்டித்தான். கறுப்பும் காபி ருசியும் வறுத்த பார்லியிலிருந்து வருகின்றன. அதில் வெண்ணிலா, கோகோ, தேங்காய் என்று போட்டு இனிப்புப் பலகாரமாக்குவதுதான் பிற்காலத்து வேலை. எனக்கு அரை பாட்டிலுக்கு மேல் திகட்டும். மூன்று பேருக்கு ஒன்று சரியான அளவு.

உங்களில் யாராவது குடித்திருந்தால் எழுதுங்கள்.

பெரம்பூர்க்காரர்: இதற்கு ஸ்வீடன் எதற்கு? கொழும்பு போனால் லயன் ஸ்டவுட் குடித்துப் பாருங்கள். 8.8 சதவீதம். வெண்ணிலா, கேக் எதுவும் சேர்க்காமலே சாக்லேட் ருசி வரும். பீர் பற்றியே எழுதி வாழ்ந்த மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, இவர் இங்கிலாந்துக்காரர்) அதைப் புகழ்ந்து எழுதியவர். கல்யாணத்துக்குப் போன இடத்தில் தெரியாமல் இரண்டு பாட்டில் குடித்துவிட்டு, தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். புகழ்ந்ததெல்லாம் உண்மைதான்.

வேளச்சேரியிலிருந்து: பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனம். இந்த வகையில் பலவற்றில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை போடுகிறார்கள். பீர் ஈஸ்ட்டால் அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைக்க முடியாது, அதனால் இனிப்பு அப்படியே தங்கிவிடும். பெங்களூரில் ஒரு பப்பில் இது தெரியாமல் ஒரு பெரிய கிளாஸ் குடித்தேன். திரும்பி வந்தது இரவு ரயிலில். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

திருவான்மியூர்வாசி: கறுப்பு என்றாலே ஸ்ட்ராங் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம்தான். நிறத்தைப் பார்க்காதீர்கள், லேபிளைப் பாருங்கள். ஆமாம், மூன்று கொண்டுவந்ததாகச் சொன்னீர்களே, மீதி என்ன ஆயிற்று?

ஆதம்பாக்கம் (நான்தான்): இரண்டாவதை மறுநாளே முடித்தோம், இந்த முறை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு. மூன்றாவது காய்கறித் தட்டில் முருங்கைக்காய்க்கு அடியில் படுத்திருக்கிறது. மாமனார் வாரம் ஒரு முறை போன் பண்ணி அது இருக்கிறதா என்று விசாரிக்கிறார்.