வாய்ப்பகுதியை விட்டுவைத்த கர்ப்பப்பை ஆபரேஷன்: லேபில் நான் பார்த்தவை

நான் பேத்தாலஜி டாக்டர், அதாவது உடலிலிருந்து எடுத்த சதையைச் சோதித்து நோய் என்ன என்று சொல்பவர். ஆபரேஷனில் எடுக்கும் கர்ப்பப்பை பார்மலின் டப்பாவில் எங்களிடம்தான் வரும். "கர்ப்பப்பை வாயை விட்டுட்டு மேலே மட்டும் எடுத்திருக்காங்க, பரவாயில்லையா?" என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

முழுசாக வந்தால் முன்பக்கம் எது, உட்சுவர் எது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். லேப்ராஸ்கோப்பியில் சின்னத் துளை வழியாக எடுப்பதால் மார்சலேட்டர் என்ற வெட்டும் கருவி வைத்துத் துண்டாக்கிவிடுகிறார்கள். டப்பாவைத் திறந்தால் விரல் தடிமனில் நீள நீளமான சதைக் கீற்றுகள்தான். எடை போட்டு, எல்லாவற்றையும் தட்டில் பரப்பி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பேன். சாதாரண ஃபைப்ராய்டு (புற்றுநோய் அல்லாத தசைக் கட்டி) வெள்ளையாக, நூல்கண்டு மாதிரி சுழிசுழியாக, கத்திக்குக் கெட்டியாக இருக்கும். மெத்தென்றோ, மஞ்சளாகவோ, ரத்தம் கட்டியோ தெரிந்தால் அங்கிருந்து கூடுதல் துண்டுகள் எடுத்தே தீருவேன். பெரும்பாலும் ஃபைப்ராய்டு, அடினோமயோசிஸ் (உட்சுவர்ச் சுரப்பிகள் தசைக்குள் வளர்வது) என்றுதான் ரிப்போர்ட் போகும். அபூர்வமாக சார்கோமா என்ற புற்றுநோய் ஒளிந்திருக்கும். ஃபைப்ராய்டுக்காக ஆபரேஷனுக்குப் போகும் சுமார் 350 பெண்களில் ஒருவருக்கு அது இருக்கலாம், வயிற்றுக்குள் துண்டாக்கினால் பரவக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ 2014-இல் எச்சரித்தது. இப்போது பல இடங்களில் ஒரு பைக்குள் வைத்துத் துண்டாக்குகிறார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி.

ஒரு அக்காவை மறக்க முடியாது. ஆபரேஷன் முடிந்தும் மாதாமாதம் லேசாகக் கறை பட்டது. "கர்ப்பப்பையே இல்லை, ரத்தம் எங்கிருந்து வருது?" என்று வீடே பயந்து போயிருந்தது. மிச்சமிருந்த வாய்ப்பகுதியிலிருந்து எடுத்த பயாப்ஸியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். மேல்நுனியில் கர்ப்பப்பையின் உட்சுவர்ச் சுரப்பிகள் கொஞ்சம் ஒட்டியிருந்தன. சினைப்பைகள் வேலை செய்ததால் அதுவும் மாதாமாதம் உதிர்ந்திருக்கிறது. புற்றுநோய் இல்லை. சொன்னதும் அந்த அக்கா அழுதுவிட்டார்.

ஆனால் பேப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் புற்றுநோய்ச் சோதனை) தொடர வேண்டும் என்று யாருமே அவரிடம் சொல்லவில்லை. எனக்கு அதில்தான் கோபம். கர்ப்பப்பை வாய் இருக்கும்வரை அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் இருக்கிறது. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். 'சப்டோட்டல்' அல்லது 'சுப்ராசர்விகல்' என்று இருந்தால் வாயை எடுக்கவில்லை என்று அர்த்தம். பயாப்ஸி ரிப்போர்ட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய், அடுத்த ஸ்மியர் எப்போது என்று டாக்டரிடம் கேளுங்கள். மாதவிடாய் நிற்கும் வயதைத் தாண்டியும் ரத்தம் பட்டால் உடனே போய்விடுங்கள்.