ஊசியை நிறுத்தச் சொல்லும் சொந்தக்காரர்கள்

என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை. நாலு வயதில் வந்தது, இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். விரலைக் குத்தி டெஸ்ட் எடுப்பதும் வேளாவேளைக்கு ஊசி போடுவதும் எங்களுக்குப் பழகிவிட்டது, சொந்தக்காரர்கள் பேச்சுதான் இன்னும் பழகவில்லை.

நோய் தெரிந்தபோது ஐசியூவில் இருந்தாள், அங்கிருந்து வார்டுக்கு மாற்றிய அன்றே ஆரம்பித்தது. பிள்ளை கண்ணைத் திறந்து சரியாகப் பேசக்கூட இல்லை, பெரிய நாத்தனார் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "உண்டாயிருந்தப்ப ஸ்வீட்டா தின்னியாமே?" என்று கேட்டார். இந்த நோய் இனிப்பு தின்று வருவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது, அம்மா சாப்பிட்டதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, இன்னும் ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்கிறார்.

போன வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். விளையாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று வந்து என் மடியில் சாய்ந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது, குத்திப் பார்த்தால் சர்க்கரை அளவு 58. எழுபதுக்குக் கீழே போனால் உடனே சர்க்கரை உள்ளே போக வேண்டும், அதனால் பையிலிருந்த ஜூஸைக் கொடுத்தேன். பக்கத்திலிருந்த பெரியம்மா அதைப் பிடுங்கி, "சுகர் பிள்ளைக்கு ஜூஸ் குடுக்கிறியே, நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்று நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டார். நான் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை, திரும்ப வாங்கிக் குடிக்க வைத்தேன், கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தினேன், 96. அந்த மீட்டரை அவர் கையிலேயே கொடுத்து, "பெரியம்மா, விட்டிருந்தா ஃபிட்ஸ் வந்திருக்கும்" என்றேன். அதற்கப்புறம் அவர் இதுவரை வாயைத் திறக்கவில்லை. அந்த மாதிரி நேரத்தில் வாதம் செய்யாதீர்கள், முதலில் பிள்ளையைப் பாருங்கள், விளக்கமெல்லாம் பிறகு.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது வைத்தியம் சொல்கிறவர்கள்தான். பாகற்காய் ஜூஸ், நாவல் கொட்டைப் பொடி, சிறுகுறிஞ்சான் என்று ஆளுக்கு ஒன்று. என் கணவரின் சித்தப்பா ஒரு படி மேலே போய், "ஒரு மண்டலம் ஊசியை நிறுத்திட்டு இந்தப் பொடியைக் குடு" என்று பொட்டலத்தோடு வந்துவிட்டார். புதிதாக நோய் தெரிந்த வீட்டுக்காரர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். இன்சுலின் ஆரம்பித்த கொஞ்ச நாளில் பல பிள்ளைகளுக்குத் தேவை தானாகவே குறையும், டாக்டர்கள் அதை ஹனிமூன் காலம் என்பார்கள், மிச்சமிருக்கும் செல்கள் சில வாரமோ சில மாதமோ கொஞ்சம் சுரக்கும், பிறகு அதுவும் நின்றுவிடும். பொடி கொடுத்த சொந்தக்காரர் சரியாக அந்த நேரத்தில்தான் "பாத்தியா, குறையுது" என்பார். அதை நம்பி ஊசியை நிறுத்தினால் கீட்டோஅசிடோசிஸ்தான், அதாவது இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும், வாந்தியும் மூச்சிரைப்புமாகத் திரும்ப ஐசியூ, உயிரே போகலாம். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள், அதற்கு முன்னால் இந்த நோய் வந்த குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு வருஷம்கூடத் தாண்டவில்லை. என் கணவர் சித்தப்பாவிடம் இதை நிதானமாகத்தான் சொன்னார், அவரோ "டாக்டருங்க உங்களை மயக்கி வெச்சிருக்காங்க" என்று கோபித்துக்கொண்டு போனார்.

"பொம்பளப் பிள்ளை, வெளியில சொல்லாத, நாளைக்கு எவன் கட்டுவான்" என்று அவள் காதுபடச் சொன்னவர்களும் உண்டு. அன்று ராத்திரி ஊசி போடும்போது அவள் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள். அதோடு ஒரு முடிவுக்கு வந்தோம். பிள்ளை முன்னால் நோயைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அங்கேயே நிறுத்துவோம், கணவர் பக்கத்து ஆட்களிடம் அவர், என் பக்கத்து ஆட்களிடம் நான். மருமகள் சொன்னால் திமிர் என்பார்கள், மகன் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், நம் வீடுகளில் நடைமுறை இதுதான்.

எல்லோரும் அப்படி இல்லை. என் அத்தை கெட்டுப்போகக் கூடாதே என்று இன்சுலினை எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டார், உறைந்தால் அது வீண், தூக்கிப் போட வேண்டியதுதான், ஆனால் அவர்மேல் எனக்கு வருத்தமே வரவில்லை. விவரம் சொன்னதும் கதவுப் பக்கத் தட்டில் அவளுக்கென்றே ஒரு டப்பா வைத்தார். என் தம்பி ஒரு அறிவுரையும் சொன்னதில்லை, கூடவே உட்கார்ந்து குத்தவும் ஊசி போடவும் இட்லிக்கு எவ்வளவு யூனிட் என்று கணக்குப் போடவும் கற்றுக்கொண்டான். லீவுக்கு அவளை நம்பி விடுவது மாமா வீட்டில் மட்டும்தான்.

சித்தப்பா வீட்டுக்கு நாங்கள் போவதை நிறுத்திவிட்டோம். அவர் பேத்தி சடங்குக்கு மொய்யை மட்டும் கொடுத்து அனுப்பினோம். மாமனாருக்கு அதில் மனக்குறை இருக்கிறது, தெரியும், இருந்தாலும் இதில் நாங்கள் இறங்கி வருவதாக இல்லை.