காணொளி வழியே டான் தேர்வு: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கோவை ஷோட்டோகான்:

கராத்தேயில் டான், அதாவது கருப்புப் பட்டையின் படிநிலைத் தேர்வுக்கு, நேரில் போகாமல் காணொளி அனுப்பும் நடைமுறை இங்குள்ள எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் டானுக்கு, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே தொடர்ச்சியாக, உச்சந்தலை முதல் பாதம் வரை தெரியும்படி எடுத்து அனுப்பச் சொன்னார்கள். எந்த டோஜோவின் (பயிற்சிக்கூடத்தின்) மாணவன் என்று தேர்வாளருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, மார்பில் சின்னம் தைக்காத சீருடையைத்தான் அணிய வேண்டும் என்றும் விதி இருந்தது. அப்படியே செய்தேன். சில வாரங்கள் கழித்து வந்த மதிப்பீட்டுத் தாளின் முதல் குறிப்பு, என் சீருடையின் வலப்பக்க மடிப்பு மேலே கிடக்கிறது என்றும், ஜப்பானில் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை என்றும் சொன்னது. ஹெய்யான் ஷோதான் என்ற கட்டாவை (வரிசை மாறாத அசைவுத் தொடரை) இடப்பக்கம் தொடங்காமல் வலப்பக்கம் தொடங்கினேன் என்பது இரண்டாவது குறிப்பு. பஸ்ஸாய் டாய் என்ற மற்றொரு கட்டாவின் முதல் பாய்ச்சலில் வலக்காலுக்குப் பதில் இடக்கால் முன்னே ஊன்றியது என்பது மூன்றாவது. முடிவு, தேர்ச்சியில்லை.

தனியாக எடுத்ததால் சட்டகத்துக்குள் நிற்கிறேனா என்று பார்க்கக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவைப் பயன்படுத்தியிருந்தேன். அது முழுவதையும் இடவலம் மாற்றிப் பதிவு செய்திருந்தது. என் பின்னால் சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டியில் 24 என்ற தேதி, 4 முன்னாலும் 2 பின்னாலுமாக, இரண்டும் எதிர்த்திசை பார்த்தபடி தெளிவாகத் தெரிகிறது. அதை வட்டமிட்டு மேல்முறையீடு அனுப்பினேன். சமர்ப்பித்த காணொளியே இறுதியானது என்று பதில் வந்தது. ஒரு கட்டாவை முதல் அசைவிலிருந்து கடைசி அசைவு வரை ஓரிடத்தில்கூடப் பிசகாமல் இடவலம் மாற்றிச் செய்வது, சரியாகச் செய்வதைவிடக் கடினம் என்பது அந்த மூன்று தேர்வாளர்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

ஷார்ஜா வாசி:

உங்களுக்கு மடிப்பு, எனக்குக் கியாய், அதாவது கட்டாவில் எழுப்பும் முழக்கம். என்னுடையது ஜூம் வழியாக நேரலையில் நடந்த தேர்வு. ஜப்பானில் காலை 10 மணி என்றால் இங்கே விடிகாலை 5 மணி. நாங்கள் குடியிருப்பதோ நான்காம் மாடி. முதல் கட்டா முடிந்ததும் தேர்வாளர் மொழிபெயர்ப்பாளர் வழியாக, கியாய் ஏன் இல்லை என்று கேட்டார். இருந்தது என்று சொல்லிவிட்டு, இரண்டாவது கட்டாவில் தொண்டை கிழியக் கத்தினேன். அதே கேள்வி மீண்டும் வந்தது. பின்னணி இரைச்சலை வடிகட்டும் அந்தச் செயலி, கட்டாவின் நடுவே திடீரென எழும் முழக்கத்தையும் இரைச்சலாகக் கருதி விழுங்கிவிடுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அதை நான் அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே கட்டடத்தின் காவலாளி வாசற்கதவைத் தட்டினார். யாரோ யாரையோ அடிக்கிறார்கள் என்று கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் புகார் செய்திருந்தார்கள். கட்டடம் முழுவதற்கும் கேட்ட கியாய் தேர்வாளர் இருந்த ஒசாகாவுக்குக் கேட்கவில்லை. தேர்ச்சி கொடுத்தார்கள் என்றாலும், ‘மனவூக்கம் குறைவு’ என்ற வரி மதிப்பீட்டுத் தாளில் இன்றும் இருக்கிறது.

திருச்சி ஷிட்டோ ரியூ:

என் தேர்வில் பெரிதாக எதுவும் நிகழவில்லை. வெள்ளைச் சுவரின் முன் வெள்ளைச் சீருடையில் நின்றதால் கைகள் எங்கே முடிகின்றன என்று தெரியவில்லை எனத் திருப்பி அனுப்பினார்கள், பச்சைத் திரைச்சீலையைத் தொங்கவிட்டு மறுபடி எடுத்துத் தேர்ச்சி பெற்றேன். ஆனால் மேலே எழுதிய தம்பிகள் இருவருக்கும், இனி அனுப்பப் போகிறவர்களுக்கும் சில செய்திகளைச் சொல்வது என் கடமை. எப்போதும் கைப்பேசியின் பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள். கைப்பேசியைக் கிடைமட்டமாக, முக்காலியில், உங்கள் இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் வையுங்கள், ஏனென்றால் தரையோடு வைத்தால் உதை இருப்பதைவிட உயரமாகவும், மேலிருந்து எடுத்தால் நிலை ஆழமற்றதாகவும் தெரியும். இடம் போதவில்லை என்று 0.5 என்னும் அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடாதீர்கள். சட்டகத்தின் ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் முன்கால் நீண்டு, சென்குட்சு தாச்சி என்னும் முன்கால் மடக்கிய நிலை ஒவ்வொன்றும் வெவ்வேறு நீளத்தில் இருப்பதாக அது காட்டிக்கொடுக்கும். வீட்டுக்கூடம் குறுகலாக இருந்தால் மொட்டைமாடிக்குப் போங்கள், ஆனால் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளாதீர்கள். நொடிக்கு 60 சட்டகங்கள் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் குத்து முடியும் கணம் மங்கலாகாது. தொடக்க இடத்தையும் முடிவு இடத்தையும் தரையில் ஒட்டுநாடாவால் குறித்து வையுங்கள். தொடங்கிய இடத்தில் முடிக்கிறோமா என்பதைத் தேர்வாளர் நிச்சயம் பார்ப்பார். ஷார்ஜா தம்பிக்கு: ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற வசதி இருக்கிறது, அதை இயக்கினால் வடிகட்டல் நிற்கும். கோவைத் தம்பிக்கு: அனுப்புவதற்கு முன் காணொளியை ஒருமுறை முழுவதும் பார்ப்பது நல்லது.

கோவை ஷோட்டோகான்:

அண்ணா, உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் நான் படம் பிடிக்கும் முறை பற்றிக் கேட்கவில்லை. பார்த்தேன், பலமுறை பார்த்தேன். வாழ்நாள் முழுவதும் டோஜோவின் சுவர்க் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சரியாகத்தான் தெரிந்தது. மடிப்பைக் கவனிக்கத் தெரிந்த தேர்வாளரின் கண்ணுக்கு நாள்காட்டி ஏன் தெரியவில்லை என்பதே என் கேள்வி. இப்போது அவர்கள் விதிகளில் முன்பக்கக் கேமரா கூடாது என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார்கள். கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி எந்த வரியும் இல்லை.

மதுரை கோஜு:

நீங்கள் மூவரும் கேமரா தவறாகக் காட்டியதைப் பற்றிப் பேசுகிறீர்கள். கேமரா எல்லாவற்றையும் சரியாகக் காட்டிய என் தேர்வைப் பற்றிச் சொல்கிறேன். கராத்தேயின் கோஜு ரியூ பிரிவில் சான்சின் என்ற மூச்சுக் கட்டா எப்படிச் சோதிக்கப்படும் என்பது இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும்: மாணவன் மூச்சை இழுத்து நிற்கும்போது ஆசிரியர் பின்னால் வந்து இரு தோள்களிலும் உள்ளங்கையால் ஓங்கி அறைவார், அக்குளுக்குக் கீழுள்ள தசை இறங்கி இறுகியிருக்கிறதா என்று விரலால் அழுத்துவார், தொடையை உதைத்துப் பார்ப்பார், வயிற்றைக் குத்திப் பார்ப்பார். என் மாஸ்டர் அறைந்த இரவுகளில் மல்லாந்து படுக்க முடியாது. மூன்றாம் டானுக்கான நேரலைத் தேர்வில் சான்சின் வந்தபோது, தேர்வாளர் சற்று யோசித்துவிட்டு, வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் இருந்தான். அவனை என் பின்னால் நிறுத்தி, தோளில் அடிக்கச் சொன்னார். “பலமாகவா, மெதுவாகவா அப்பா?” என்று அவன் கேட்டான், சான்சினின் நடுவே நான் பதில் சொல்ல முடியாது. சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டுவது போல இரண்டு தட்டுத் தட்டினான். திரையில் தேர்வாளர் தலையசைத்து, மிக உறுதியாக இருக்கிறது என்றார்.

சான்றிதழ் வந்துவிட்டது, சட்டமிட்டு மாட்டவும் செய்தாயிற்று. ஆனால் அன்று சோதிக்கப்பட்டது எது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கையால் தொட்டு அறிய வேண்டியதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடும் தேர்வை முதல் டானோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஈப்போ டேக்குவாண்டோ:

மதுரை ஐயாவின் வருத்தம் புரிகிறது, முடிவை ஏற்க முடியவில்லை. கோஜு ரியூவை நிறுவிய மியாகி சோஜுன் தம் மாணவர் எவருக்கும் டான் வழங்காமலே 1953-இல் மறைந்தார். அவரிடம் தோளில் அறை வாங்கியவர்கள் எல்லோரும் டான் இல்லாமல்தான் வாங்கினார்கள். ஷோட்டோகானை நிறுவிய ஃபுனகோஷி 1924-இல் கராத்தேயில் முதன்முதலாக டான் வழங்கியபோது, அந்த முறையை ஜூடோவிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். ஆகவே அறையும் டானும் பிரிக்க முடியாதவை என்பது சரியல்ல. எங்கள் டேக்குவாண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் சியோலில் எழுந்த தலைமையகமான குக்கிவோனின் சான்றிதழ் உலகெங்கும் செல்லுகிறது, ஆனால் அதை வைத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கட்டடத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை; உள்ளூர் மாஸ்டர் தேர்வு வைத்துப் பரிந்துரை அனுப்புவார், சியோல் பதிவு செய்து எண் கொடுக்கும். கேமரா வருவதற்கு முன்பே தரம் தபாலில்தான் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் டானிலிருந்து நான்காம் டானுக்குக் குறைந்தது 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற விதிதான் அங்கே உண்மையான காவல்.

என் அனுபவம் சிறியது. ஊரடங்குக் காலத்தில் என் மாஸ்டர் திரையில் பார்க்க, கொரியோ பூம்சே (எங்கள் கட்டா) செய்தேன். அதன் ஒற்றைக்கால் இரட்டை உதையில், கீழே ஒன்று, மேலே ஒன்று என்று போகும்போது, இணைப்பு அறுந்து படம் உறைந்துவிட்டது. கால் மேலே இருக்கும் நிலையிலேயே உறைந்ததால், எவ்வளவு நேரம் நிலைத்து நிற்கிறாய் என்று பாராட்டினார்.

பெங்களூரு ஜியு-ஜிட்சு:

ஈப்போ அண்ணன் சொல்லும் தபாலுக்கும் காணொளிக்கும் நடுவே ஒரு வேறுபாடு இருக்கிறது: பரிந்துரைக்கும் உள்ளூர் மாஸ்டர் அந்த மாணவனை ஆண்டுக்கணக்காகக் கைக்கு எட்டும் தூரத்தில் பார்த்தவர். அதை விட்டுவிட்டு வாதிட்டால் எப்படி? எங்கள் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் இந்தச் சண்டை முன்பே நடந்து முடிந்தது. கலிபோர்னியாவின் கிரேஸி யுனிவர்சிட்டி 2009-இல் இணையப் பாடம் தொடங்கி, காணொளித் தேர்வில் தேறியவர்களுக்கு, வெள்ளைக்கு அடுத்ததான நீலப் பட்டை வழங்கியபோது எழுந்த எதிர்ப்பு சாதாரணமானதல்ல. பிறகு அவர்களே காணொளிக்கு ‘காம்பேட்டிவ்ஸ்’ என்ற தனிப் பட்டையை வைத்துக்கொண்டு, நீலப் பட்டைக்கு நேரில் வர வேண்டும் என்று மாற்றினார்கள்.

வேறொரு இணையப் பயிற்சியில் காணொளி அனுப்பி நான் வாங்கிய நீலப் பட்டையைக் கட்டிக்கொண்டு இங்குள்ள ஒரு பயிற்சிக்கூடத்துக்கு முதல்நாள் போனேன். பயிற்சியாளர் மிகுந்த மரியாதையோடு, “பட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வாருங்கள் சார், முதலில் உருண்டு பார்ப்போம்” என்றார். வெள்ளைப் பட்டை கட்டிய ஒரு கல்லூரி மாணவன் என் மேலேறி உட்கார்ந்தான். காணொளியில் என் மனைவியின் தம்பி ஒத்துழைத்தபோது வெண்ணெயாக வழுக்கி வெளியே வந்த நுட்பத்தைச் செய்தேன். அவன் அதற்கு ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான். காணொளியில் இருந்த அசைவும் அன்று செய்த அசைவும் ஒன்றே, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பழைய பட்டை பையிலேயே கிடக்கிறது. அந்தப் பயிற்சியாளர் எனக்கு நீலப் பட்டை கட்டியது அதற்கு நெடுநாள் கழித்து, ஒரு சாதாரண வகுப்பின் முடிவில். அன்று அவர் தேர்வு எதுவும் வைக்கவில்லை.