மறு: வெப்பப் பசையா, களிம்பா?

அன்புள்ள குழுவினருக்கு,

செயலிக்கும் (பிராசசர்) அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவே தடவுகிற ‘தெர்மல் பேஸ்ட்’டுக்கு, கணினி பூட்டும் கையேட்டில் ‘வெப்பப் பசை’ என்று எழுதியது நான்தான். அதை எடுத்துவிடுங்கள் என்று இன்று கேட்பதும் நான்தான். காரணம் என் மேசைமேல் கிடக்கிறது. தாள் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன்.

வீட்டுக் கணினி 2013இல் நாகர்கோவிலில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. ஏஎம்டி எஃப்எக்ஸ்-6300 செயலி, 8 ஜிபி டிடிஆர்3 ரேம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றது. 11 இதில் ஏறாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும். சரி, லினக்ஸ் போட்டு இன்னும் ரெண்டு வருஷம் தள்ளலாம் என்றிருந்தேன். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் கரண்டு போவதும் வருவதுமாக இருந்ததில் தாய்ப்பலகையில் (மதர்போர்டு) இரண்டு மின்தேக்கிகள் உப்பிவிட்டன. இனி இதற்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை என்று புதிதாக ஒரு ரைசன் 5 7600 செயலி எடுத்தேன். அதற்கேற்ற ஏஎம்5 பலகை, டிடிஆர்5 ரேம். ரேம் விலை 2025 கடைசியில் ஏறிய ஏற்றத்தில் 16 ஜிபியோடு கையைக் கட்டிக்கொண்டேன். பழைய ரேம் குச்சிகள் புதுப் பலகையில் நுழையாது, காடியே வேறு.

கூட நின்றவன் அக்கா மகன், பாலிடெக்னிக் முதல் வருஷம். பழைய பெட்டியை அவனையே கழற்றச் சொன்னேன். கூலரைப் பிடித்து நேராக மேலே இழுத்தான். செயலியும் சேர்ந்தே வந்தது! உள்ளே இருந்த பூச்சு பன்னிரண்டு வருஷத்தில் காய்ந்து பொருக்காகிப் பிடித்திருந்தது. அடியில் தொள்ளாயிரத்துச் சொச்சம் ஊசிகள். ஒரு ஓரத்தில் மூன்று வளைந்திருந்தன. கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, லேசாகத் திருகி எடுக்க வேண்டும் என்று நான்தான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஓடவிடப் பலகைக்கு உயிர் ஏது!

இனிமேல்தான் நம் சொல் வருகிறது. புதுச் செயலியின் பெட்டியில் வந்த கூலரின் அடியில் தொழிற்சாலையிலேயே சாம்பல் நிறத்தில் தடவி அனுப்பியிருந்தார்கள். “அழுக்கு இருக்கு மாமா” என்று துண்டால் சுத்தமாகத் துடைத்துவிட்டான் பயல். அது அழுக்கில்லை, வெப்பப் பசை, தக்கலைக்குப் போய் ஒரு டியூப் வாங்கிட்டு வா என்று அனுப்பினேன். வழக்கம்போல் ‘பேஸ்ட்’ என்று சொல்லியிருக்கலாம். தமிழ்ப்பற்று விடவில்லை. அவன் கடையில் போய், சூடு கடத்துகிற பசை வேணும் என்று கேட்டிருக்கிறான். கடைக்காரரும் கேட்டதைத்தான் கொடுத்தார். சின்னச் சில்லுகளின் தலையில் அலுமினியத் துண்டை ஒட்டுவதற்கென்றே வருகிற பசை. சூட்டையும் கடத்தும், கெட்டியாகவும் பிடிக்கும். உண்மையிலேயே அது வெப்பப் பசை!

நல்லவேளை, புதுச் செயலியில் போடுவதற்கு முன்னால் பழையதில் போட்டுப் பழகு என்றிருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் பழைய செயலியும் பழைய கூலரும் ஒரே உடம்பு.

“எளக்கவே முடியலியே மாமா.”

“எவம்ல இத வாங்கச் சொன்னது?”

“பசன்னுதானே சொன்னிய?”

என்ன பதில் சொல்ல?

போன வாரம் இந்தச் சொல்லைப் பற்றிச் சென்னை நண்பர் ஒருவர், ‘பற்பசை என்று ஏற்றுக்கொள்ளவில்லையா, பல்லில் ஒட்டிக்கொண்டதா’ என்று எழுதியிருந்தார். நல்ல கேள்விதான். ஆனால் பற்பசைக்குப் பக்கத்திலேயே, பல்லை ஒட்டுகிற இன்னொரு டியூப் அதே நிறத்தில் அதே கடையில் இருப்பதில்லை. இங்கே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்துவிட்டு, கையேட்டைப் படிப்பவன் தானே புரிந்துகொள்வான் என்று விட முடியாது. இன்னொருவர், ‘பொருக்காகிச் செயலியையே பிடுங்கிக்கொண்டு வந்ததே, அப்போது பசைதானே’ என்றும் கேட்கலாம். அடிப்பிடித்த சோறும்தான் பானையை விடாது. அதற்காகச் சோற்றைப் பசை என்போமா? (போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மன்னிக்க.)

இந்தப் பூச்சு செய்கிற வேலையே வேறு. செயலியின் மூடியும் கூலரின் அடியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டிலும் மேடுபள்ளம் உண்டு. வைத்து அழுத்தினால் மேடுகள் மட்டும் தொடும், பள்ளங்களில் காற்று நிற்கும். காற்றின் வெப்பங்கடத்தும் திறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.026 வாட் அளவுதான். செம்புக்கு 400க்குப் பக்கம், அலுமினியத்துக்கு 200க்கு மேல். இந்தப் பூச்சுக்குப் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் எண் இருக்கும். உலோகத்தோடு பார்த்தால் மட்டம், காற்றோடு பார்த்தால் ராஜா. ஆகவே பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு இருந்தால் போதும். கனமாக அப்பினால் அதுவே தடை. பாட்டி மண்தரையைச் சாணி போட்டு மெழுகியதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நல்லமிளகு இரண்டைச் சேர்த்து வைத்த அளவு நடுவில் வைத்து, கூலரை இறக்கி, திருகுகளைக் குறுக்குமறுக்காக முடுக்கினால் தானே பரவும். பசை என்ற சொல் காதில் விழுந்தால் கை தன்னால் நிறைய எடுக்கிறது. ஒட்ட வேண்டுமே என்ற பயம்.

‘மெழுகு’ என்றே வைத்துவிடலாமா என்று இரண்டு நாள் ஆசைப்பட்டேன். மெழுகுதல் என்ற வினை அப்படியே பொருந்துகிறது. ஆனால் இப்போது தகடுபோல் வந்து, சூட்டில் இளகிப் பரவும் சரக்கு ஒன்றும் கிடைக்கிறது. அந்தப் பெயரை அதற்கு விட்டுவைப்பது நல்லது. ‘சாந்து’ கொத்தனாருடையது, அதுவும் சேர்த்துப் பிடிப்பதற்குத்தான். எங்கள் குமரிப் பக்கத்து வைத்தியசாலைகளில் ‘குழம்பு’ என்று ஒரு பூச்சுமருந்து உண்டு, தைலத்தைவிடக் கெட்டியானது. பொருள் கச்சிதம். ஆனால் செயலிமேல் குழம்பு ஊற்றச் சொன்னால் மதுரைக்காரர்கள் என்ன நினைப்பார்கள்?

என் பரிந்துரை: வெப்பக் களிம்பு. பசை என்ற சொல் ஒட்டுவதற்கு மட்டும்.

தக்கலையிலிருந்து

---

தம்பிக்கு,

மேசைமேல் இருக்கும் அந்த ஜோடியைப் படம் எடுத்துக் கையேட்டில் போடுங்கள். நூறு வார்த்தை மிச்சம்.

பசை கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. களிம்பில்தான் ஒரு சிக்கல். முப்பது வருஷம் தமிழ் நடத்தியவன் கண்ணுக்குச் செம்பும் களிம்பும் ஒரே வரியில் வந்தால் வேறொன்றுதான் தெரியும். செம்பில் ஏறும் பச்சைக்கும் களிம்பு என்றுதான் பெயர். சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமையே அதுதான், செம்பில் களிம்பு. உயிரோடு கூடவே இருப்பது, கேடு செய்வது.

ஏட்டுச் சிக்கல் என்று தள்ளிவிடாதீர்கள். நான் இருப்பது குளச்சல். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி நாலு வருஷம் தாங்கினால் அதிசயம். என் பேரனின் கணினியில் செம்பு அடி வைத்த கூலர். போன மாதம் திறந்தால் ஓரமெல்லாம் பச்சை. ‘களிம்பைத் துடைத்துவிட்டுக் களிம்பு தடவவும்’ என்று உங்கள் கையேடு சொல்லுமா?

‘இழுது’ என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. வெண்ணெய், நெய், குழம்பாக இருக்கும் பண்டம், எல்லாவற்றுக்கும் வரும். இழுகுதல் என்றால் பூசுதல். சுத்தமான சொல், வேறு யாரும் வாடகைக்கு எடுக்காதது. வெப்ப இழுது. யோசியுங்கள்.

குளச்சலிலிருந்து

---

ஐயா,

வணக்கம். செம்பில் களிம்பு எனக்குத் தோன்றவே இல்லை. கையேடு அச்சுக்குப் போயிருந்தால் மானம் போயிருக்கும்.

இழுது கேட்க நன்றாக இருக்கிறது. நேற்று மார்த்தாண்டம் போனபோது, பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம் சோதித்துப் பார்த்தேன். “இதில் வெப்ப இழுது போட்டாச்சா?” என்றேன். “எதை இழுக்கணும் சாரே?” என்று கூலரில் கையை வைத்தார். பாய்ந்து தடுத்தேன். என் வீட்டில் நடந்ததே போதும். பிறகு “களிம்பு” என்றேன். “பேஸ்டா? போட்டாச்சு, போட்டாச்சு” என்றார். புண்ணுக்குப் போடுகிற களிம்பு எல்லார் கையிலும் பட்டிருக்கிறது: கொஞ்சமாக எடுக்க வேண்டும், மெல்லப் பரத்த வேண்டும், ஒட்டாது, அடுத்த தடவை பழையதைத் துடைத்துவிட்டுத்தான் போட வேண்டும். செய்முறை முழுக்க அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அப்படியானால் செம்பின் பச்சைக்கு என்ன என்று கேட்பீர்கள். அதே ஆளிடம் பச்சை ஏறிய ஒரு பழைய கூலரைக் காட்டி இது என்ன என்றேன். யோசிக்கவே இல்லை. “கிளாவு பிடிச்சிருக்கு.”

ஐயா, நம் வீட்டு விளக்குக்கும் உருளிக்கும் அம்மாமார் சொன்னதும் அதுதானே! புளி போட்டு எத்தனை தடவை கிளாவு தேய்த்திருக்கிறோம். நம் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் அந்தப் பச்சைக்குக் களிம்பு என்ற பேச்சே இல்லை. எனக்கு உங்கள் உவமை தோன்றாததற்கும் அதுதான் காரணம் போலிருக்கிறது. வடக்கே இருப்பவர்களுக்குக் கிளாவு புதிதாக இருக்கும். இருக்கட்டும், முதல் தடவை வரும் இடத்தில் ‘செம்பில் ஏறும் பச்சை’ என்று பக்கத்திலேயே எழுதிவிடலாம். 1956இல் நம் குமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்தபோது சொற்களையும் கூடவே கொண்டுதானே வந்தோம்.

கையேட்டு வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

‘கூலரின் அடியில் கிளாவு (செம்பில் ஏறும் பச்சை) இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். பழைய வெப்பக் களிம்பை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். புதுக் கூலரில் தடவியே வந்திருந்தால் அதைத் துடைக்காதீர்கள். வெப்பப் பசையை இங்கே பயன்படுத்தக் கூடாது. அது நிரந்தரமாக ஒட்டிவிடும்.’

மூன்றாவது வாக்கியம் மருமகனுக்காக. நான்காவது எனக்காக.

புதுக் கணினி சனிக்கிழமை ஏறிவிட்டது. வேலையில்லாமல் சும்மா இருக்கும்போது 42 டிகிரி காட்டுகிறது. இந்த மடலை அதில்தான் அடிக்கிறேன். நினைவகச் சில்லுகளின்மேல் வைக்கிற அந்த மெத்துமெத்தென்ற வில்லைக்கு (தெர்மல் பேட்) இன்னும் பெயர் வைக்க வேண்டியிருக்கிறது. ‘வெப்பத் திண்டு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மருமகன் ‘தலையணையா மாமா’ என்கிறான். ஐயா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

தக்கலையிலிருந்து