தோட்டக் கொட்டகையில் கிடந்த எம்ஜிபி: எஞ்சினா, பாடியா, எதில் முதலில் கை வைப்பது?

தலவாக்கலை_மகன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் 1965 எம்ஜிபி (MGB) கார் ஒன்று நிற்கிறது. கூரை இல்லாத ரோட்ஸ்டர், கம்பிச் சக்கரம், ஶ்ரீ இலக்கத் தகடு. அப்பா முப்பது வருடத்துக்கு மேல் பங்களா டிரைவராக இருந்தவர், தோட்டத்துத் துரை வேலையை விட்டுப் போகும்போது காரை அப்பாவுக்கே கொடுத்துவிட்டுப் போனார், கொஞ்சக் காலம் ஓடியது, 1998இல் பிரேக் அடியோடு போனதும் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியதுதான், அதற்குப் பிறகு யாரும் சாவி போடவில்லை. அப்பாவுக்கு இப்போது 74 வயது. அவர் ஸ்டியரிங் பிடிக்கக்கூடிய காலத்திலேயே இதை ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அதுதான் என் ஆசை.

எஞ்சின் சுற்றவில்லை, இறுகிக் கிடக்கிறது. டிரைவர் பக்கம் தரையில் கை போகும் அளவுக்கு ஓட்டை. அந்தப் பக்கக் கதவைத் திறந்தால் கொஞ்சம் கீழே இறங்குகிறது, மூடும்போது தூக்கி மூட வேண்டும். கொட்டகை 12 அடிக்கு 20 அடி, தகரக் கூரை, மண் தரை. நான் பைக்கும் ஆட்டோவும் பிரித்துப் பூட்டியிருக்கிறேன், சின்ன மிக் வெல்டிங் மெஷின் இருக்கிறது, கார் வேலை இதுதான் முதல் தடவை.

டவுனில் ஒரு கராஜில் கேட்டேன். எஞ்சினை இறக்கிச் செய்து பெயின்ட் அடித்து மூன்று மாதத்தில் தருகிறோம், பாதிப் பணம் முதலில் வேண்டும் என்றார்கள். வந்து பார்த்தவர் காருக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை, அதனால் மனம் ஒப்பவில்லை. வீட்டிலேயே செய்யலாமா? எதிலிருந்து தொடங்குவது?

கண்டி_டிங்கர் எழுதியது:

தம்பி, வீட்டிலேயே செய்யலாம். ஆனால் பெயின்ட், சீட், குரோம் எதைப் பற்றியும் இப்போது யோசிக்க வேண்டாம். கதவு இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது கீல் தேய்ந்ததாகவும் இருக்கலாம், ஆனால் தரையும் ஓட்டையென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கதவுக்கு அடியில் ஓடும் ‘சில்’ (sill) என்ற பெட்டித் தகட்டைத்தான்.

எம்ஜிபிக்குத் தனிச் சேசி கிடையாது. பாடியே சேசி. கூரை இல்லாத காரில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது தரையின் நடுவில் மேடாகப் போகும் டனலும் இரண்டு பக்கக் கதவுக்கும் கீழே ஓடும் சில்லும்தான். அந்தச் சில் ஒரு தகடு இல்லை. வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தகடு என்று மூன்றும் சேர்ந்த பெட்டி. வெளித்தகட்டின் மேல் புதுத் தகடு ஒட்டி பில்லர் (பட்டி) பூசிப் பெயின்ட் அடித்தால் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே உக்கிய நடுத்தகடு அப்படியே கிடக்கும். நம் பக்கத்தில் கைமாறிய பழைய கார்களில் இந்த வேலையை நான் எத்தனையோ தடவை அறுத்துப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியும் சில் முழுச் சில் இல்லை. முன்னால் மட்கார்டுக்குப் பின்னும், பின்னால் சக்கரத்துக்கு முன் உள்ள பாடித் தகட்டுக்குப் பின்னும் அது போகிறது. முன் மட்கார்ட் போல்ட்டில் நிற்பது, கழற்றிவிடலாம். பின்பக்கம் கீழ்த்தகட்டைக் கொஞ்சம் வெட்டித்தான் ஆக வேண்டும். மட்கார்டைக் கழற்றியதும் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மேடை மாதிரி இடத்தில் பல வருடத்துச் சேறு உட்கார்ந்திருக்கும், உக்கல் தொடங்குவதே அங்கேதான். கண்ணாடிக்கு முன்னால் காற்று போகும் பெட்டியிலிருந்து தண்ணீர் வடிய ஒரு ரப்பர் குழாய் டனலுக்குள் இறங்கும், அதையும் பாருங்கள், சவுக்கு இலையும் பாசியும் அடைத்தால் தண்ணீர் காருக்குள்தான் வரும்.

இந்த வார இறுதியில் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி கார் முழுக்கத் தடவிப் பாருங்கள். ஒட்டாத இடம் எல்லாம் பில்லர். சோக்கட்டியால் வட்டம் போட்டுப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே, கீல் இருக்கும் தூணிலிருந்து பூட்டு இருக்கும் தூணுக்கு, இரும்புச் சட்டம் வைத்து வெல்ட் செய்யுங்கள். கார் நாலு பக்கமும் மட்டமாக நிற்க வேண்டும். சில்லின் கீழ் ஜக் வைக்கவே கூடாது. ஒரு பக்கம் வெட்டி, புதுச் சில் போட்டு, கதவை மாட்டி இடைவெளி சரியா என்று பார்த்த பிறகுதான் மறுபக்கம். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து கதவு இடைவெளி மேலே மூடிக்கொள்ளும், அப்புறம் எந்த மெக்கானிக் வந்தாலும் நிமிர்த்துவது பெரும்பாடு.

வெல்டிங் தொடங்கும் முன் பெற்றோல் டேங்கை இறக்கி வீட்டை விட்டும் கொட்டகையை விட்டும் தூரமாக வையுங்கள். காலி டேங்க் என்று நினைக்க வேண்டாம், உள்ளே இருக்கும் ஆவிதான் வெடிப்பது.

நானுஓயா_1798 எழுதியது:

அண்ணன் சொன்ன சில் விஷயத்தில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தம்பி, காரை முழுதாகக் கழற்றிப் போட வேண்டாம். அப்படிக் கழற்றிப் பெட்டி பெட்டியாகக் கட்டி வைத்து, பத்து வருடம் கழித்து அந்தப் பெட்டிகளோடு விற்ற மூன்று பேரை எனக்குத் தெரியும். எஞ்சின் சுற்றுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டால் மனதில் ஒரு பிடிப்பு வரும். உங்கள் அப்பாவுக்கும்தான்.

நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பாதி டீசல் பாதி ஆட்டோமேடிக் கியர் ஒயில் (ATF) கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு கிராங்க் நட்டில் நீள ஸ்பனர் போட்டு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். கியரில் போட்டு இறக்கத்தில் தள்ளிப் பார்ப்பது, இன்னொரு வண்டியில் கட்டி இழுப்பது இரண்டும் கூடவே கூடாது. ரிங் உடையும். சுற்றத் தொடங்கியதும் பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து ஒயில் மீட்டர் முள் எழும்புகிறதா என்று பாருங்கள். பிறகு எஞ்சின் ஓடும்போது முள் 50க்கும் 80க்கும் நடுவில் நின்றால் நிம்மதி.

1965 என்றால் பாசிட்டிவ் எர்த். சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பற்றரி இருக்க வேண்டும், பற்றரியின் பிளஸ்தான் பாடிக்குப் போகும். பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். எஞ்சின் எண் 18ஜிபி என்று தொடங்குகிறதா பாருங்கள், அப்படியென்றால் ஐந்து பெயரிங்கில் (bearing) சுழலும் கிராங்க், முதலில் வந்த மூன்று பெயரிங் எஞ்சினைவிடப் பலம். போல்ட் எல்லாம் இஞ்சிக் கணக்கு. 13 மில்லிமீட்டர் ஸ்பனர் அரை இஞ்சித் தலையுள்ள போல்ட்டில் ஏறும், ஆனால் இறுகிய போல்ட்டின் தலையை உருட்டிவிடும். ஒரு செட் இஞ்சி ஸ்பனர் வாங்குங்கள்.

ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் எக்ஸோஸ்ட் வால்வுகளுக்குக் கடின சீட் (வால்வு உட்காரும் வளையம்) போட்டுவிடுங்கள். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்தது, இங்கே அந்தப் பெற்றோல் 2002இல் நின்றுவிட்டது. மலையில் எந்த நேரமும் ஏற்றத்தில் இழுக்கும் எஞ்சின், பழைய சீட் தாங்காது.

அப்புறம் கார்பரேட்டர், எனக்கு மிகவும் பிடித்த இடம். இதில் இரண்டு எஸ்யூ (SU) கார்பரேட்டர். கொழும்பில் டியூன் செய்த காரை இங்கே கொண்டுவந்தால் பிளக் எல்லாம் கறுத்துவிடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் ஐந்தில் நாலு பங்குதான் அங்கே இருக்கிறது, காற்று மெலிந்தால் அதே பெற்றோல் கூடுதலாகிவிடும். அடியில் இருக்கும் ஜெட் நட்டை மேலே ஏற்றினால் கலவை மெலியும், கீழே இறக்கினால் கனக்கும். எஞ்சின் சூடான பிறகு கார்பரேட்டரின் பக்கத்தில் உள்ள சின்னத் தூக்கு ஊசியால் அதன் உள்ளே இருக்கும் பிஸ்டனை மயிரிழை தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், அணைந்துபோனால் குறைவு, லேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. இரண்டு கார்பரேட்டரிலும் ஒரே காற்று இழுக்கும் சத்தம் கேட்க வேண்டும், அரை இஞ்சி ரப்பர் குழாய் ஒன்றைக் காதில் வைத்தே கேட்டுவிடலாம்.

பதுளை_வாசி எழுதியது:

ஒரு முக்கியமான விஷயம். எஞ்சினை மாற்றினாலோ நிறத்தை மாற்றினாலோ மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும். அதனால் சேசி எண், எஞ்சின் எண் இரண்டும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று பணம் செலவழிக்கும் முன் பாருங்கள். துரை கொடுத்த கார் அப்பா பெயருக்கு மாறியிருக்கிறதா? அதையும் சொல்லுங்கள்.

பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். மொரிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் இரண்டிலும் இதே பி சீரிஸ் குடும்ப எஞ்சின்தான், சிலது பொருந்தும், சிலது பார்க்க ஒரே மாதிரி இருந்து பொருந்தாது. புஷ், பின் மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு டீ பெக்டரி பிட்டரிடம் கேளுங்கள், லேத்தில் அவர்கள் கடைவது அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

கண்டி_டிங்கர் எழுதியது:

நானுஓயாத் தம்பி சொல்வது சரி, எஞ்சினை அசைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. ஓடத் தொடங்கினாலும் பிரேக் முடியும் வரை கொட்டகை வாசலைத் தாண்டாதீர்கள். இந்த வருடத்துக் காரில் முன் டிஸ்க்குக்கும் பின் டிரம்முக்கும் ஒரே லைன், ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துப் பிரேக்கும் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாம் புதிது. பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் மூடுபனியில் திறந்து வைத்த டின்னைத் திரும்பப் பாவிக்க வேண்டாம்.

கொட்டகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண் தரைக்கு மேல் பொலித்தீன் விரித்து அதன் மேல் கொங்கிறீட் போடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். தகரக் கூரை விடியற்காலையில் வியர்த்துச் சொட்டும், கூரைக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். காரைப் பொலித்தீனால் மூடாதீர்கள், பழைய பெட்ஷீட் போதும்.

சாம்பல் நிறச் சாதாரண பிரைமர் தண்ணீரை உறிஞ்சும். பலருக்கு இது தெரிவதில்லை, பிரைமர் அடித்துவிட்டோம் என்று ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுவிடுவார்கள், அடியில் துரு பிடித்திருக்கும். வெறும் இரும்பு தெரிந்த அன்றே எபொக்சி பிரைமர் அடியுங்கள். சில்லுக்குள் மெழுகு அடிப்பது எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகு. உங்கள் பக்கம் மே தொடங்கினால் செப்டெம்பர் வரை மழை, ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் பெயின்டுக்கு நல்ல காலம். ஹார்ட்னர் கலந்த பெயின்டை வீட்டில் அடிக்க வேண்டாம், அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல், சுற்றி வீடுகள் வேறு இருக்கும். அதற்கு மட்டும் பூத் உள்ள இடத்துக்குக் கொடுங்கள்.

தலவாக்கலை_மகன் எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

புத்தகம் அப்பா பெயரில் இருக்கிறது, இரண்டு எண்ணும் சரி, எஞ்சின் 18ஜிபிதான். டேங்கை இறக்கினோம், பூட் தரையை ஒட்டியிருந்த மேல்பக்கம் அரித்துப்போயிருக்கிறது. காந்தம் டிரைவர் பக்கச் சில்லில் ஓரிடத்திலும் ஒட்டவில்லை, முழுக்க பில்லர். மறுபக்கம் பரவாயில்லை. மட்கார்டைக் கழற்றியபோது அண்ணன் சொன்ன அதே இடத்தில் ஒரு வாளிச் சேறு.

கழற்றிய போல்ட்டுகளை பெக்டரி சாம்பிள் டின்களில் போட்டுப் பெயர் ஒட்டியிருக்கிறேன். மீட்டர்களையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் அம்மா விறகடுப்புப் பக்கத்து அலுமாரியில் வைக்கச் சொன்னார், வீட்டிலேயே காய்ந்த இடம் அதுதான்.

நேற்று கிராங்க் அசைந்தது. ஸ்பனரைப் பிடித்திருந்தது அப்பா. கால் சுற்றுப் போனதும் நிறுத்தி, “அவசரப்படாதே, இன்னும் கொஞ்சம் ஒயில் ஊற்று” என்றார். ஊற்றி வைத்திருக்கிறோம். வருகிற வாரம் கொங்கிறீட், அதற்குப் பிறகு சட்டம் வெல்ட் செய்கிறேன். கண்டி அண்ணா, அந்தச் சட்டத்துக்கு ஒரு இஞ்சிச் சதுரக் குழாய் போதுமா?

கண்டி_டிங்கர் எழுதியது:

போதும் தம்பி. ஒரு பக்கத்துக்கு இரண்டு போடுங்கள், நடுவில் ஒரு குறுக்குத் துண்டும் வையுங்கள். கதவை மாட்டிப் பார்க்க இடம் விட்டு உள்பக்கமாக வெல்ட் செய்யுங்கள். வெட்டும் அன்றைக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.